மட்டக்களப்பை மூன்று நாளில் பார்ப்பது எப்படி: வாவியும் இரு கரைகளும்

மட்டக்களப்புக்குப் போகிறோம் என்று சொல்லிப் புறப்படும் வெளியூரார் பலர், உண்மையில் பாசிக்குடாவில் குளித்துவிட்டு, திரும்பும் வழியில் நகருக்குள் அரை மணித்தியாலம் வாகனத்தை நிறுத்தி, ஒரு சட்டித் தயிரும் ஒரு பை மரமுந்திரிகைப் பருப்பும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வானளாவிய கோபுரங்களையும் பெரும் மாளிகைகளையும் தேடி வருபவருக்கு இந்நகரம் உடனடியாக எதையும் எடுத்துக் காட்டுவதில்லை. இங்குள்ள கோட்டை சிறியது, தேவாலயங்கள் அடக்கமானவை, கோயில்களிற் பல ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமே கதவு திறப்பவை. இவை அனைத்தையும் கோத்து நிற்பது வாவி ஒன்றே. ஆகையால், எந்த இடத்தைப் பார்ப்பது என்பதைக் காட்டிலும் எந்தக் கரையை எந்த நேரத்திற் பார்ப்பது என்பதே இங்கு முக்கியமானது. குறைந்தது மூன்று பகலும் இரண்டு இரவும் ஒதுக்கக்கூடியவர்களை மனத்திற் கொண்டு இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

நிலத்தின் அமைப்பு

வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. கடலுக்கு இணையாக, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தைச் சூரியன் எழும் பக்கம் என்பதால் எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய் விரியும் நிலத்தைப் படுவான்கரை என்றும் ஊரார் அழைக்கிறார்கள். நகரின் பழைய மையமான புளியந்தீவு வாவிக்குள் அமைந்த சிறு தீவாகும். அதற்கு வடக்கே, பாலங்களால் இணைக்கப்பட்ட பெருநிலப் பகுதியான கோட்டைமுனையிற் கடைத்தெருக்களும் புகையிரத நிலையமும் உள்ளன. கல்லடிப் பாலத்தைக் கடந்தால் எழுவான்கரை தொடங்கிவிடும். அங்கிருந்து தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று ஊர்கள் இடைவெளியின்றிக் கல்முனை வரை நீள்கின்றன. வாவி கடலோடு கலக்கும் இடம் இரண்டு: ஒன்று நகருக்கு அண்மையிலுள்ள பாலமீன்மடு முகத்துவாரம், மற்றையது தெற்கே கல்லாற்றுப் பக்கம்.

நகரம், எழுவான்கரை, படுவான்கரை ஆகிய இந்த மூன்று நிலங்களுக்கும் ஒவ்வொரு நாள் என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை. ஒரே நாளில் மூன்றையும் ஓடிப் பார்க்க முயல்பவர்கள் பாலங்களில் நிற்கும் வாகன வரிசையைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

பருவமும் பயணமும்

கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இங்கு முழு வீச்சில் இறங்கும். வயல்கள் நீரில் மூழ்குவதும், படுவான்கரை வீதிகள் துண்டிக்கப்படுவதும், கடல் கொந்தளிப்பதும் அக்காலத்தில் வழமையானவை. மாசி பிறந்து வெள்ளம் வடிந்த பின்னர், வெள்ளாமை வெட்டு நடக்கும் நாட்களில் ஊர் மிக அழகாயிருக்கும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும். ஆனால் வைகாசி முதல் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் வெக்கை பழக்கமில்லாதவரை வாட்டும். மீன் பாட்டுக் கேட்பது, கண்ணகி கோயிற் சடங்குகளைக் காண்பது, கடலிற் குளிப்பது ஆகிய மூன்றும் ஒருசேர வேண்டுமானால், வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிய வாரமே ஆகச் சிறந்தது. வெக்கையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கொழும்பு கோட்டையிலிருந்து வரும் புகையிரதம் மாகோ, ஹபரணை, பொலன்னறுவை வழியாக எட்டு ஒன்பது மணித்தியாலத்தில் மட்டக்களப்பை அடையும். பகலில் உதயதேவியும், இரவில் ஒரு வண்டியும் ஓடுகின்றன. முதன்முறை வருபவர் பகல் வண்டியில் வர வேண்டும். பொலன்னறுவையைக் கடந்து மனம்பிட்டியில் மகாவலியைத் தாண்டியதும் காடும் மேய்ச்சல் வெளியும் மாறி மாறி வரும் அந்தக் கடைசிப் பகுதியைத் தூக்கத்திற் கழிப்பது வீண். யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் நேரடிப் பேருந்துகள் உண்டு. திருகோணமலையிலிருந்து வெருகல், வாகரை ஊடாக வரும் கரையோர வீதியில் மக்கள் நடமாட்டம் குறைவு, பார்வைக்கு இனியது.

தங்குவதற்குக் கல்லடியையோ புளியந்தீவையோ தேர்ந்தெடுக்கலாம். கல்லடியிற் கடற்காற்றும் விடுதிகளும் அதிகம். விடியற்காலையில் வாவிக்கரையில் நடக்க விரும்புபவர் புளியந்தீவிலோ அதை ஒட்டிய தெருக்களிலோ அறை எடுப்பது மேல். நகருக்குள் முச்சக்கரவண்டி போதும், ஆனால் ஏறும் முன்னரே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தால் அதைவிடச் சிறந்த வாகனம் இல்லை. நகர் முழுவதும் சமதரை, ஏற்றம் என்று சொல்லக்கூடியவை பாலங்கள் மட்டுமே.

முதல் நாள் காலை: புளியந்தீவு

வெயில் ஏறுமுன், காலை ஏழு மணியளவிற் காந்திப் பூங்காவிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். வாவியின் ஓரத்தில் காந்தி சிலையும், அருகே மட்டக்களப்பு வாயில் எனப்படும் சிறிய வளைவும் உள்ளன. பாலங்கள் இல்லாத காலத்தில் இந்நகருக்கு வந்தவர்கள் தோணியிலிருந்து கால் வைத்த துறை இது. மெதடிஸ்த திருச்சபையின் முதல் மிஷனரிகளுள் ஒருவரான வில்லியம் ஓல்ட் 1814-ல் இவ்வூருக்கு வந்து, அவ்வாண்டிலேயே ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே அவர் இறந்துவிட்டபோதிலும், அந்தப் பள்ளி இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது. அவருடைய சிலையைப் பூங்காவின் அருகிலேயே காணலாம்.

அங்கிருந்து வாவியை ஒட்டிச் சிறிது தூரம் நடந்தால் கோட்டை. 1602-ல் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் கண்டி மன்னனைச் சந்திக்கும் நோக்குடன் முதலில் வந்திறங்கியது மட்டக்களப்புக் கரையில்தான். ஒல்லாந்தர் இங்கு காலூன்ற விடக்கூடாது என்று போர்த்துக்கேயர் விழித்துக்கொண்டு 1628-ல் இக்கோட்டையைக் கட்டினார்கள். ஆனால் பத்தே ஆண்டில், 1638 மே மாதத்தில், இரண்டாம் இராஜசிங்கனுடன் கைகோத்து வந்த ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். இலங்கையிற் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற் கோட்டை இதுவே. கோட்டை விழுந்த சில நாட்களுக்குள், வெஸ்டர்வோல்ட் என்ற தளபதியும் மன்னனும் செய்துகொண்ட உடன்படிக்கையும் மட்டக்களப்பிலேயே கைச்சாத்தானது. கண்டி அரசன் போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்ததன் விலையை அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் இத்தீவு கொடுத்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறு மதிலுக்கு அதன் அளவுக்கு மீறிய கனம் உண்டு. 1795-ல் ஆங்கிலேயர் வசமான பிறகு இது நிருவாகத் தலைமையிடமாயிற்று.

நான்கு கொத்தளங்களைக் கொண்ட சதுரக் கோட்டை இது. இரு பக்கம் வாவியும் மறு இரு பக்கம் அகழியும் காவலாக அமைந்தன. நெடுங்காலமாகக் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகமும் அரச அலுவலகங்களும் உள்ளே இயங்கியதனால், காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தேடிக் கோட்டைக்குள் அலைந்த நினைவு இவ்வூரார் பலருக்கும் இருக்கும். உலகில் எத்தனை ஊர்களில் ஒல்லாந்தக் கொத்தளத்தின் நிழலில் நின்று முத்திரை ஒட்டியிருப்பார்கள் என்று தெரியவில்லை. வாயிலிற் காவலில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உள்ளே சென்று, மதிலின் மேல் ஏறிச் சுற்றி வாருங்கள். வாவியை நோக்கிய கொத்தளத்தில் நின்றால், இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பது விளக்கமின்றியே புரியும். முகத்துவாரத்திலிருந்து உள்ளே வரும் எந்தத் தோணியும் இந்தக் கண்ணுக்குத் தப்பாது.

கோட்டைக்குப் பின்னர் புளியந்தீவின் தெருக்களிற் காலாற நடக்க வேண்டும். இவ்வளவு சிறிய தீவுக்குள் இத்தனை தேவாலயங்கள் இருப்பது வருபவரை வியக்கவைக்கும். அவற்றுட் பெரியது புனித மரியாள் பேராலயம். 1873-ல் தொடங்கப்பட்ட புனித மிக்கேல் கல்லூரியின் முன்னாற் செல்லும்போது மைதானப் பக்கம் காது கொடுத்தால் பந்து தரையிற் தட்டும் சத்தம் கேட்கக்கூடும். அமெரிக்க இயேசு சபைத் துறவியர் இங்கு பணியாற்றியதன் தடயமாகக் கூடைப்பந்து இந்த ஊரின் விளையாட்டாகிவிட்டது. அவர்களுள் ஒருவரும் புகழ்பெற்ற பயிற்றுநருமான யூஜின் ஹெபேர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் மாதம் காணாமற்போனார். பின்னர் அவர் திரும்பவேயில்லை. நகரிலுள்ள சீயோன் தேவாலயம் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுத்தாக்குதலுக்கு உள்ளானது. இத்தகைய இடங்களுக்குப் படம் எடுப்பதற்காகப் போகாதீர்கள். போவதாயின் வழிபாட்டு வேளையில், வழிபடுபவராகப் போங்கள்.

மட்டக்களப்பின் பறங்கியர் சமூகத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து தொடரும் இவர்களில் மூத்தோர் சிலர் இன்றும் போர்த்துக்கேயக் கலப்பு மொழியை வீட்டிற் பேசுகிறார்கள். தச்சும் இரும்பு வேலையும் இவர்களுடைய பரம்பரைத் தொழில்கள். கலியாண வீடுகளில் வயலின் இசையுடன் கஃப்ரிஞ்ஞா ஆடுவார்கள். கல்லடியை அடுத்த டச்பாரில் வாழ்ந்த இவர்களைச் சுனாமி கடுமையாகத் தாக்கியது. பலர் பின்னர் திராய்மடுப் பக்கம் குடியேறினார்கள்.

முதல் நாள் மாலை: மாமாங்கமும் முகத்துவாரமும்

மதியம் ஓய்வெடுத்துவிட்டு நான்கு மணிக்குப் பின் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போகலாம். இராமன் இங்கே சிவலிங்கத்தை வழிபட்டான் என்பது தலப் பெருமை. ஆடி அமாவாசையன்று தீர்த்தம் ஆடுவதற்கு மாவட்டம் முழுவதிலிருந்தும் மக்கள் திரள்வார்கள். தந்தையை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்ய இக்குளத்துக்கு வருவது வழக்கமாதலால், அன்று கொண்டாட்டமும் துக்கமும் ஒரே படிக்கட்டில் அருகருகே அமர்ந்திருக்கக் காணலாம். மற்ற நாட்களிற் குளம் அமைதியானது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும்.

அங்கிருந்து பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் பொழுது சாயுமுன் சென்றுவிடலாம். 1913-ல் கட்டப்பட்ட இந்த வெளிச்சவீடு 28 மீட்டர் உயரமானது. கண்டல் மரங்கள் அடர்ந்த ஓரங்களும், வாவி கடலைத் தேடிச் செல்லும் முகத்துவாரமும், மறு கரையில் நாவலடியும் இங்கிருந்து தெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாவலடி ஏறத்தாழ முழுமையாக அழிந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே சிக்கிய அந்த ஒடுங்கிய மணற்பட்டியை நேரிற் பார்த்தால், தப்பி ஓட இடமில்லாமற் போனதன் காரணம் கண்ணுக்கே விளங்கும். முகத்துவாரத்தில் நீரோட்டம் வலியது, குளிப்பதற்கு உகந்த இடமன்று. வாவியில் முதலைகளும் உண்டு என்பதால் எந்தக் கரையிலும் மீனவர் இறங்கச் சொல்லாத இடத்தில் இறங்காதிருப்பதே புத்தி.

இரவு: மீன் பாட்டைக் கேட்பது

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று எல்லோரும் சொல்கிறார்கள், மாநகரின் வளைவுகளிலும் சின்னங்களிலும் மீன்கள் துள்ளுகின்றன. ஆனால் அந்தப் பாட்டைக் காதாற் கேட்டவர்கள் உள்ளூரிலும் மிகக் குறைவு. கேட்க விரும்புபவர் முறையாகத் திட்டமிட வேண்டும்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். சித்திரை முதல் புரட்டாதி வரையான வரண்ட மாதங்களில், பௌர்ணமியும் அதற்கு முன்பின்னான இரவுகளுமே ஏற்றவை என்பது பரம்பரையான அனுபவம். மழை வெள்ளம் வாவிக்குள் இறங்கிய நாட்களில் முயல வேண்டாம். அடுத்தது இடம். கல்லடிப் பழைய பாலத்தை அண்டிய ஆழமான பகுதி, அடியிற் பாறைகள் உள்ள இடம் என்பதே பழைய தோணிக்காரர் காட்டும் குறிப்பு. ஆங்கிலேய ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரால் 1920-களில் எழுந்த அந்த இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில், 2013-ல் திறக்கப்பட்ட புதிய பாலம் இப்போது வாகனங்களைச் சுமக்கிறது. மூன்றாவது நேரம். வாகனச் சத்தம் அடங்க இரவு பத்து, பதினொரு மணியாவது ஆக வேண்டும்.

பகலிலேயே மீனவர் ஒருவரிடம் பேசி, இயந்திரம் பூட்டாத தோணியை அமர்த்திக்கொள்ளுங்கள். காற்று விழுந்து நீர் அசையாதிருக்கும்போது தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் நேராக இறக்கி, மறு முனையை காதோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். முதலிற் கேட்பது துடுப்பின் உராய்வும் சொந்த நாடித் துடிப்புமே. அவற்றைக் காது தள்ளிவிடப் பழகிய பின்னர், அதிர்ஷ்டம் இருந்தால், தனித்தனிச் சுருதிகள் நீருக்கடியிலிருந்து விட்டு விட்டு எழும். 1840-களில் இங்கு வந்து கேட்ட எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலாற் தேய்த்தால் வரும் மெல்லிய ஓசைக்கு அதை ஒப்பிட்டார். ஒலி எழுப்புவது மீனா, ஊரி எனப்படும் நத்தை வகையா, பாறை இடுக்குகளினூடே செல்லும் நீரோட்டமா என்பதில் கருத்துகள் பல. டெனன்டை அழைத்துச் சென்ற தோணிக்காரர்கள் ஊரியைத்தான் காட்டினார்கள். தமிழறிஞர் சுவாமி விபுலானந்தரோ அவ்வோசையை நீரரமகளிரின் பாட்டாகவே கண்டு பாடினார்.

கேட்காமற் திரும்பினாலும் அந்த இரவு வீணாகாது. பாலத்தின் கீழே அரிக்கன் விளக்கோ மின்சூளோ வைத்துக்கொண்டு இறாலுக்கு அத்தாங்கு போடுபவர்களும், மார்பளவு நீரில் நின்று வீச்சுவலையைத் தோளிற் சுற்றி, பல்லால் ஓர் ஓரத்தைக் கடித்துப் பிடித்து, இடுப்பைத் திருப்பி வட்டமாக விரித்தெறிபவர்களும் விடியும் வரை வேலை செய்வார்கள். வலை நீரில் விழும்போது அதன் ஈயக்குண்டுகள் எழுப்பும் சத்தத்தைக் கேட்டே, வட்டம் ஒழுங்காக விழுந்ததா என்று பக்கத்திலிருப்பவர் சொல்லிவிடுவார்.

இரண்டாம் நாள்: எழுவான்கரை

காலையிற் கல்லடிக் கடற்கரையில் சூரியோதயம் பார்த்துவிட்டுத் திருச்செந்தூர் முருகன் ஆலயத்துக்குச் செல்லலாம். சுனாமியின்போது இவ்வாலயத்தின் கோபுரம் விழாமற் சாய்ந்து நின்றது, அதன் படம் பலருக்கும் அறிமுகமானதே.

அடுத்து, கல்லடி உப்போடை. 1892-ல் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் இங்கு சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக இருந்து, பண்டை யாழின் இசையிலக்கணத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து நூலாக்கி, அது அரங்கேறிய 1947-லேயே மறைந்தார். வித்தியாலய வளவில் அவருடைய சமாதி உள்ளது. பள்ளி நேரத்திற் சென்றால் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் இராமகிருஷ்ண மிஷனும், சிறிது தூரத்தில் அவர் பெயராலமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் உள்ளன. நிறுவகத்தில் ஆற்றுகைகள் நடக்கும் நாட்களை விசாரித்துப் பாருங்கள்.

தெற்கே சில கிலோமீட்டரிற் காத்தான்குடி. வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களே ஊரை அறிவித்துவிடும். புடைவைக் கடைகளும் இனிப்புக் கடைகளும் நிறைந்த, இரவு நெடுநேரம் விழித்திருக்கும் வணிக ஊர் இது. இங்குள்ள பூர்வீக நூதனசாலை கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வீடு, தொழில், கலியாணம், கல்வி ஆகியவற்றை உருவச்சிலைகளோடு காட்டுகிறது. 1990 ஆகஸ்ட் 3-ந் திகதி இரவுத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்ட பள்ளிவாசல்களில் துப்பாக்கிச் சன்னங்களின் வடுக்கள் பேணப்பட்டுள்ளன. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வேலிகளில் வாழும் இக்கரையின் வரலாற்றை அறிய வந்தவர் இதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலிற் கடைகள் மூடியிருக்கும். உடையில் அடக்கம் தேவை.

நேரம் இருப்பவர்கள் அதே வீதியில் தெற்கே தொடர்ந்து அம்பாறை மாவட்டத்துக்குள் சென்று, மருதமுனையிற் கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்கி, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலைப் பார்த்து, காரைதீவில் விபுலானந்தர் மணிமண்டபம் வரை போய் வரலாம். பாண்டிருப்பில் ஆண்டுதோறும் தீமிதிப்பு நடைபெறும். பாரதக் கதையே ஊர்ச் சடங்காக நாட்கணக்கில் நிகழும் இடம் அது.

மூன்றாம் நாள்: படுவான்கரை

என் கணிப்பில் இந்த மூன்று நாளில் எதையாவது விட நேர்ந்தால் விடக்கூடாதது இந்த நாள். 2014-ல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, இக்கரை மக்கள் பலர் நகருக்கு வரப் படகுப்பாதையையே நம்பியிருந்தார்கள். இப்போது பாலத்தின் நடுவில் வாகனத்தை நிறுத்தினால், வாவியின் உண்மையான அகலம் இருபுறமும் தெரியும்.

பாலத்தைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலை. கொக்கட்டி மரத்தின் அடியிற் தானாகத் தோன்றிய லிங்கம் என்பதால் இறைவன் தான்தோன்றீஸ்வரர். கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதியின் முன்னாற் கல் நந்தி எழுந்து புல் உண்டது என்ற கதையை, அர்ச்சகர் முதல் வாயிலிற் கச்சான் கடலை விற்கும் பெண் வரை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் நந்தியின் சீற்றம் சற்றுக் கூடும். ஆண்டுத் திருவிழாவின் தேரோட்டத்துக்குப் படுவான்கரை முழுவதும் திரளும்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து மேற்கே சென்றால் பாறை மலையில் அமைந்த தாந்தாமலை முருகன் கோயிலும் பழைய கட்டட எச்சங்களும். தெற்கே சென்றால் மண்டூர். சின்னக் கதிர்காமம் எனப் பெயர்பெற்ற மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில், கப்புகனார் எனப்படும் பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மந்திரமின்றிப் பூசை செய்வார். மூலஸ்தானம் திரையிட்டே இருக்கும். ஆவணித் திருவிழாவில் அந்த மௌனத்துக்கு வெளியே எழும் அரோகராவைக் கேட்க வேண்டும். எழுவான்கரையிலுள்ள குருமண்வெளித் துறையிலிருந்து படகுப்பாதையில் மண்டூருக்கு வருவதே பழைய வழி. அது ஓடுகிறதா என்று அன்று காலையே களுவாஞ்சிக்குடியில் விசாரித்துவிட்டு, ஓடினால் ஒரு வழியையாவது நீரிற் கடந்து போங்கள்.

இக்கரையில் நினைத்த இடத்தில் வாகனத்தை நிறுத்த முடிவது ஒரு வசதி. மாசி பங்குனியில் வெட்டு நடக்கும் வயல், வீதியோரத்திற் காயப்போட்ட நெல், பன்பாய் இழைக்கும் திண்ணை, மாலையில் வீதியை மறித்து வரும் எருமைக் கூட்டம் என்று எதையும் அவசரமின்றிப் பார்க்கலாம். மயிலத்தமடு, மாதவணை போன்ற தொலைவான மேய்ச்சல் தரைகளை நம்பி வாழும் பண்ணையாளர்களின் பாலே மட்டக்களப்புத் தயிராகிறது. நல்ல எருமைத் தயிரைத் தெரிந்தெடுப்பது எளிது. சட்டியைச் சற்றுச் சரித்துப் பாருங்கள், தயிர் அசையக் கூடாது, மேலே மஞ்சள் பாய்ந்த ஆடை தடித்துப் படிந்திருக்க வேண்டும், ஓரத்தில் நீர் விலகி நின்றால் அது நேற்றையது. பயணத்துக்கு வாங்குபவர் புறப்படும் நாள் காலையில் வாங்கினாற் போதும்.

கூத்தும் சடங்கும்

மட்டக்களப்பின் பெரும் கலை கட்டடங்களில் இல்லை, கூத்தாடும் களரியில் உள்ளது. வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்துகளில் முன்னையது பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க் கதைகளை வீறான ஆட்டத்தோடு ஆடும். பின்னையதில் ஆட்டம் நுணுக்கமானது, பாட்டின் இழுவை நீளமானது. கூத்து ஆசானான அண்ணாவியார், ஆடுவோருக்குரிய பாட்டேடான சட்டம் கொடுத்துப் பழக்கத் தொடங்கியதிலிருந்து, சதங்கை அணிவிழாவும் அடுக்குப் பார்த்தல் என்னும் ஒத்திகையும் கடந்து அரங்கேற்றம் வரை பல மாதங்கள் செல்லும். அரங்கேற்றம் வட்டக்களரியில் இரவு தொடங்கி விடியும் வரை நடக்கும். கரப்புடுப்பு என்னும் விரிந்த கூத்துடையின் கனத்தோடு அரசன் களரியைச் சுற்றி வரவு ஆடும்போது, மத்தளத்தின் முன்னால் மணலில் அமர்ந்திருப்பவர் காலடி விழும் இடத்தில் மண் தெறிப்பதை உணரலாம். கதிரையில் தள்ளி உட்கார்ந்து பார்ப்பது கூத்தைப் பாதி பார்ப்பதே. பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோர் இதைப் பல்கலைக்கழக அரங்குக்கும், சீலாமுனை போன்ற கிராமங்களின் இளைஞர்கள் புதிய பாடங்களுக்கும் கொண்டுசென்றதைப் பற்றி ஊரிற் பேசக் கேட்பீர்கள். அறுவடை முடிந்து கோயிற் திருவிழாக்கள் நடக்கும் மாதங்களே கூத்துக் காலம். எந்த ஊரில் அரங்கேற்றம் என்பதை அறிய விளம்பரம் தேடுவதைவிடத் தேநீர்க்கடையில் விசாரிப்பது விரைவானது.

வைகாசியிற் கண்ணகி கோயில்கள் கதவு திறக்கின்றன. செட்டிபாளையம், மகிழடித்தீவு, வந்தாறுமூலை முதலிய ஊர்களில், கதவு திறந்த நாள் தொடங்கிக் கண்ணகி வழக்குரைக் காவியம் படித்து, கல்யாணக்கால் நட்டு, இறுதியிற் குளிர்த்தி பாடி, மதுரையை எரித்தவளின் சினத்தைத் தணிப்பார்கள். தமிழகத்திற் காப்பியத் தலைவியாக அறியப்படுபவள் இங்கு மழை தரும், அம்மை தீர்க்கும் தாய். வெளியார் வரலாம், ஆனால் சுத்தபத்தமாக வர வேண்டும். குளிர்த்தி நேரத்திற் கைத்தொலைபேசியை மடியில் வைத்துவிடுங்கள்.

சாப்பாடு

காலையிற் பிட்டும் மீன் கறியும் சம்பலும். மதியம் வாவி நண்டோ கொடுவாவோ இறாலோ கிடைக்கும் கடையாகப் பார்த்துச் சோறு. நண்டைச் சந்தையில் நீங்களே வாங்கிக் கொடுத்துச் சமைப்பிக்கும் வசதி சில விடுதிகளில் உண்டு. அப்படியாயின் கையிற் தூக்கிப் பார்த்து, பருமனுக்குக் கனமாயிருப்பதையே எடுங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் நண்டிற் சதை நிறைந்திருக்கும் என்பது மீனவர் கணக்கு. தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் போட்ட குழம்பாகவே கேளுங்கள், பொரிக்கச் சொல்லிக் கெடுக்க வேண்டாம். இரவுக்குக் காத்தான்குடிக் கடைகளின் கொத்தும் இனிப்பும். மட்டக்களப்பார் மருந்து போட்டு, வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய பேச்சு உண்டு. மருந்து எதுவென்று கேட்டால், தயிரும் சீனியும் என்பதே இங்குள்ள தாய்மார் சிரித்துக்கொண்டு தரும் பதில்.

நாலாவது நாள் கிடைத்தால்

வடக்கே சுமார் 35 கிலோமீட்டரிற் பாசிக்குடா. கடல் நெடுந்தூரம் வரை இடுப்பளவே ஆழம், குழந்தைகளோடு வருபவருக்கு உகந்தது. வழியில் வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகமும் சித்தாண்டி முருகன் கோயிலும் உள்ளன. காட்டையும் பாறையையும் விரும்புபவர் உள்நாட்டிற் குடும்பிமலைப் பக்கம் போகலாம், உள்ளூர் ஆள் ஒருவர் துணையின்றிப் போகக் கூடாது. 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலின் அடியிற் கிடக்கிறது. அதைப் பார்க்க 50 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டியிருப்பதால், அது உரிய பயிற்சிச் சான்றிதழ் பெற்ற சுழியோடிகளுக்கு மட்டுமே.

திரும்பும் புகையிரதத்துக்கு ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஆடி அமாவாசை, சித்திரைப் புத்தாண்டு, பாடசாலை விடுமுறை ஆகிய நாட்களில் இரவு வண்டியில் நிற்பதற்கும் இடம் கிடைக்காது. பௌர்ணமி நாளான போயா தினங்களில் மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். மீன் பாட்டுக்காகப் பௌர்ணமியைத் தேர்ந்து வருபவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.